படகு தள்ள ஆள் இல்லாத தீவு: செயின்ட் கில்டா வெளியேற்றம், 1930 (நிகழ்வு ஆய்வு)

## ஆய்வின் பொருள்

1930 ஆகஸ்ட் 29 அன்று காலை, ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தில் எஞ்சியிருந்த 36 பேரும் ஒரே கப்பலில் ஏறித் தங்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். அவர்களை யாரும் துரத்தவில்லை. தங்களை அழைத்துச் செல்லும்படி அவர்களே மனு எழுதிக் கையெழுத்திட்டு அரசிடம் கேட்டிருந்தார்கள். பல நூற்றாண்டுகள் தொடர்ந்த ஒரு குடியிருப்பு அந்த ஒரு காலையில் முடிவுக்கு வந்தது.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் புயலையும் பசியையும் தனிமையையும் காரணங்களாகச் சொல்கிறார்கள். அவை மூன்றும் உண்மைதான். ஆனால் அந்த மூன்றையும் தாங்கிக்கொண்டுதான் அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். பதிவுகளைக் கால வரிசையில் வைத்துப் படித்தால், முடிவைக் கொண்டுவந்தது அவற்றைவிட எளிமையான ஒன்று என்பது தெரியவருகிறது: ஒரு படகைக் கடலில் இறக்கவும், செங்குத்துப் பாறையில் தொங்குபவனின் கயிற்றை மேலிருந்து பிடிக்கவும், போதுமான கைகள் இல்லாமல் போயின. அந்தக் குறைவு எப்போது தொடங்கியது, யார் அதைக் கண்டார்கள், அதற்கு என்ன செய்தார்கள் என்பதையே இந்த ஆய்வு பின்தொடர்கிறது. தீவு மக்களின் பெயர்கள் இங்கே குறிப்பிடப்படவில்லை.

## பின்புலம்: இடமும் வாழ்முறையும்

வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் அப்பால், ஏறத்தாழ 64 கி.மீ. தொலைவில் இந்தத் தீவுக்கூட்டம் இருக்கிறது. மக்கள் வாழ்ந்த ஹிர்ட்டா ஏழு சதுர கி.மீ.கூட இல்லாத தீவு. அதன் உச்சியான கொனகேர் 430 மீட்டர் உயரம் எழுந்து, மறுபக்கம் நேராகக் கடலில் இறங்குகிறது. சோய், போரரே, டூன் ஆகிய தீவுகளும், ஸ்டாக் அன் ஆர்மின், ஸ்டாக் லீ என்னும் பாறைத் தூண்களும் சுற்றி நிற்கின்றன. தீவில் மரமே இல்லை. கப்பல் அணையக்கூடிய ஒரே இடம் தென்கிழக்கு நோக்கித் திறந்திருக்கும் ஊர் விரிகுடா. காற்று அத்திசையிலிருந்து வீசினால் அங்கும் இறங்க முடியாது. குளிர்காலத்தில் வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் மாதக்கணக்கில், யாரும் வரவும் இல்லை, யாரும் போகவும் இல்லை.

மண்ணில் பார்லியும் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் ஓரளவு விளைந்தன. ஆடுகளும் சில மாடுகளும் இருந்தன. ஆனால் அந்த ஊரை உண்மையில் வாழவைத்தவை கடற்பறவைகளே. ஃபுல்மார், கேனட், பஃபின் ஆகிய மூன்று பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் ஆண்கள் வெறுங்காலோடு பாறையில் இறங்கிச் சேகரித்தார்கள். இறைச்சி உணவாயிற்று, ஃபுல்மாரின் எண்ணெய் விளக்குக்கும் மருந்துக்கும் பயன்பட்டது, இறகுகளும் எண்ணெயும் தீவின் உரிமையாளரான மக்லியோட் குடும்பத்துக்கு வாடகையாகச் சென்றன. பிற்காலத்தில் குளிர்காலத்தில் நெய்த கம்பளித் துணியும் அந்த வாடகைக் கணக்கில் சேர்ந்தது.

ஹிர்ட்டாவின் சரிவுகளில் இன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு கற்குடில்கள் நிற்கின்றன. கேலிக் மொழியில் அவற்றுக்குக் கிளெட் என்று பெயர். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கி, மேலே தட்டைக் கற்களைப் பரப்பி, அதன்மீது புல்தரையை வெட்டி மூடியிருக்கிறார்கள். கற்களின் இடுக்கு வழியே காற்று உள்ளே புகுந்து வெளியேறும். மழை மட்டும் உள்ளே வராது. பறவை இறைச்சியையும் முட்டைகளையும் வைக்கோலையும் எரிபொருளுக்கு வெட்டிய புற்கரணைகளையும் அவற்றில்தான் உலர்த்திச் சேமித்தார்கள். இவ்வளவு ஈரமான ஓர் ஊரில் உப்பையோ வெயிலையோ நம்பாமல் காற்றை மட்டும் நம்பி உணவைக் காத்த அந்த அறிவை, இந்த ஆய்வில் எங்கேயாவது மனம் நிறையப் பாராட்டியே ஆகவேண்டும்.

வேலைகளைப் பற்றி இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனியொருவனால் செய்யக்கூடிய வேலை அந்தத் தீவில் மிகக் குறைவு. படகு ஊருக்குப் பொதுவானது. பாறைப் பகுதிகள் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டன. பிடித்துவந்த பறவைகளும் பங்கிடப்பட்டன. வேலைசெய்ய இயலாத வீட்டுக்கும் பங்கு போயிற்று. ஞாயிறு தவிர ஒவ்வொரு காலையும் ஆண்கள் தெருவில் கூடி அன்றைய வேலை எதுவென்று பேசி முடிவெடுத்தார்கள். வெளியார் அதைத் தீவின் பாராளுமன்றம் என்று அழைத்தார்கள். அதற்குத் தலைவர் இல்லை, ஒழுங்குவிதி இல்லை, பெண்களுக்கு இடமும் இல்லை. சில நாள் பேச்சிலேயே பொழுது போய்விடும் என்று வந்துபோனவர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கடல் இன்று இடம் கொடுக்குமா, யார் கயிறு பிடிப்பது, யார் இறங்குவது என்பவை உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்விகள். நேரமெடுத்துப் பேசியதை நான் குறையாகக் காணவில்லை.

## முதல் எச்சரிக்கை: 1727

1697இல் மார்ட்டின் மார்ட்டின் என்னும் ஸ்கை தீவுக்காரர் வந்தபோது அங்கே ஏறத்தாழ 180 பேர் இருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்குள் அந்த எண்ணிக்கை சரிந்தது. ஹாரிஸ் தீவுக்குச் சென்ற ஒருவர் அங்கே பெரியம்மை கண்டு இறந்தார். அவருடைய உடைகள் பின்னர் ஊருக்குக் கொண்டுவரப்பட்டதோடு நோயும் வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது.

1727 ஆகஸ்டில், நோய் பரவுவதற்குச் சற்று முன், மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும் பறவை பிடிப்பதற்காக ஸ்டாக் அன் ஆர்மின் பாறைத்தூணில் இறக்கிவிடப்பட்டிருந்தார்கள். சில நாளில் படகு திரும்பி வந்து அழைத்துப்போக வேண்டும். படகு வரவில்லை. ஊரில் பெரியவர்கள் ஏறக்குறைய அனைவரும் இறந்துவிட்டார்கள். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அந்தப் பதினொரு பேரும் கடல் நடுவே நிற்கும் செங்குத்துப் பாறையில், பறவைகளையும் மீனையும் தின்று, ஒரு முழுக் குளிர்காலத்தையும் கடந்து, 1728 மே மாதம் உரிமையாளரின் ஆட்கள் வந்த பிறகே மீட்கப்பட்டார்கள். ஒன்பது மாதம்.

அந்த ஒன்பது மாதமும் படகு ஊரில்தான் இருந்தது. அதைத் தள்ளி, துடுப்புப் போட்டுச் சில மைல் தூரம் கடலில் செல்ல ஆள்தான் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கப்போவதன் வடிவம் இங்கேயே தெரிகிறது. அன்று உரிமையாளர் ஹாரிஸிலிருந்து புதிய குடும்பங்களைக் கொண்டுவந்து ஊரை மீண்டும் நிரப்பினார். பிரச்சினை எண்ணிக்கையில் இருக்கிறது என்பதை அவர் புரிந்துகொண்டு அதற்கு ஏற்ற தீர்வைச் செய்தார். பின்னால் வந்த யாரும் அதைத் திரும்பச் செய்யவில்லை.

## பத்தொன்பதாம் நூற்றாண்டு: இரண்டு இழப்புகள், ஒரு தீர்வு

1852இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். நூறு பேரைச் சற்றே தாண்டிய ஓர் ஊரில் இது மூன்றில் ஒரு பங்கு. சென்றவர்களில் பலர் போய்ச் சேரும் முன்பே இறந்துபோனார்கள். ஊரின் மக்கள்தொகை அதன்பின் அந்த அளவை மீண்டும் எட்டவே இல்லை.

மற்றோர் இழப்பு இதைவிடக் கொடியது. ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் நடந்தது. பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் சில நாள்களில் தாடை இறுகி, பால் குடிக்க முடியாமல் இறந்தன. எட்டு நாள் நோய் என்று அது அழைக்கப்பட்டது. மருத்துவத்தில் அது பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் ரண ஜன்னி. தொப்புள்கொடிப் புண் வழியே கிருமி புகுவதால் வருவது. தீவில் அது ஆண்டவனின் சித்தமாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. 1889இல் வந்த மதபோதகர் ஒருவர் அப்படி ஏற்றுக்கொள்ள மறுத்தார். அவரே கிளாஸ்கோவுக்குச் சென்று, கிருமி நீக்கி மகப்பேறு பார்க்கும் முறையைக் கற்றுவந்து, தயங்கிய தாய்மார்களையும் மருத்துவச்சியையும் இணங்கவைத்தார். 1891க்குப் பிறகு அந்த நோயால் தீவில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை.

இந்த நிகழ்வு முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். தலைமுறை தலைமுறையாக ஊரைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒன்றை ஒரே மனிதர், ஒரு பயணத்தில் கற்ற பயிற்சியைக் கொண்டு, இரண்டே ஆண்டுகளில் நிறுத்தினார். தீவின் துன்பங்கள் அனைத்தும் தீவோடு பிறந்தவை, மாற்ற முடியாதவை என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

## வெளியுலகம் வருகிறது: 1877 முதல் 1918 வரை

1877 தொடக்கத்தில் தீவில் சிக்கிக்கொண்ட ஒரு பத்திரிகையாளரும், கப்பல் உடைந்து கரையேறிய ஆஸ்திரிய மாலுமிகளும் உணவுத் தட்டுப்பாட்டில் இருந்தபோது, ஓர் உயிர்காப்பு மிதவையில் கடிதத்தைக் கட்டிக் கடலில் விட்டார்கள். அது ஆர்க்னி கரையில் ஒதுங்கியது. கடற்படைக் கப்பல் ஒன்று வந்து அவர்களை மீட்டது. அதன்பிறகு தீவு மக்களும் இதையே ஒரு முறையாக்கிக்கொண்டார்கள். ஒரு மரத்துண்டைப் படகுபோலக் குடைந்து, கடிதத்தையும் தபால் செலவுக்கான காசையும் உள்ளே வைத்து மூடி, காற்று நிரப்பிய ஆட்டின் சிறுநீர்ப்பையை மிதவையாகக் கட்டி, வடமேற்குக் காற்று வீசும் நாளில் கடலில் விடுவார்கள். பல ஸ்காட்லாந்துக் கரைக்கு வந்தன. சில நார்வேக்குப் போய்ச் சேர்ந்தன. அவசர உதவிக்கு ஒரு சமூகம் அதை நம்பியிருக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில் கோடையில் நீராவிக் கப்பல்கள் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவரத் தொடங்கின. மக்கள் துணியும் முட்டையும் விற்றுக் காசு பார்த்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் வந்தவர்களில் பலர் அவர்களைக் காட்சிப் பொருளாகவே பார்த்தார்கள். அது அம்மக்களுக்குத் தெரியாமலும் இல்லை.

1912இல் தீவில் உணவு குறைந்து காய்ச்சலும் பரவியிருப்பதாக அவ்வழி சென்ற மீன்பிடிக் கப்பல்கள் மூலம் செய்தி கிடைத்து, கடற்படை உணவு கொண்டுபோனது. அடுத்த ஆண்டு ஒரு நாளிதழின் செலவில் கம்பியில்லாத் தந்தி நிறுவப்பட்டது. முதல் உலகப்போர் வந்ததும் கடற்படையினர் சிலர் தீவில் தங்கினார்கள். தபாலும் பொருள்களும் ஒழுங்காக வந்தன. தீவின் ஆண்களுக்குக் கூலி வேலை கிடைத்தது. 1918 மே 15 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று தந்தி நிலையத்தைக் குறிவைத்து 72 குண்டுகளைச் சுட்டது. மனித உயிர் எதுவும் போகவில்லை.

போர் முடிந்தது. படையினர் போனார்கள், ஒழுங்கான கப்பல் போக்குவரத்தும் கூலியும் நின்றன, தந்தியும் இயங்காமல் போயிற்று. தொடர்பே இல்லாமல் வாழ்ந்துவந்த ஊர், சில ஆண்டுகள் தொடர்போடு வாழ்ந்து பார்த்துவிட்டு, அதை இழந்தது. இளைஞர்களின் மனத்தில் எது மாறியிருக்கும் என்பதை ஊகிக்க அதிக முயற்சி தேவையில்லை.

## கவனிக்கப்பட்டவை: 1920களின் தேய்வு

1920ஐ ஒட்டி 73 பேராக இருந்த மக்கள்தொகை 1928இல் 37 ஆயிற்று. எட்டே ஆண்டுகளில் பாதி. போனவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். 1926இல் ஃபுளூ காய்ச்சலில் நான்கு ஆண்கள் இறந்தார்கள். பெரிய ஊரில் நான்கு பேர் என்பது துக்கம் மட்டுமே. ஹிர்ட்டாவில் அது ஒரு படகின் துடுப்பு வரிசை.

குறைவு எவ்வாறு வேலைகளைத் தாக்கியது என்பதை விளக்கினால்தான் பின்னால் எடுக்கப்பட்ட முடிவு புரியும். விளைச்சல் குறைந்தால் உணவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மக்கள் அதற்கேற்பச் சுருக்கிக்கொள்வார்கள். ஆட்குறைவு அப்படி வேலை செய்வதில்லை. படகை இழுத்துக் கடலில் விட இத்தனை பேர் வேண்டும் என்றால், அதில் ஒருவர் குறைந்தாலும் படகு நகராது. படகு நகராவிட்டால் போரரேயில் மேயும் ஆடுகளிடம் போக முடியாது, பாறைத் தூண்களில் கேனட் பிடிக்க முடியாது, விரிகுடாவில் வந்து நிற்கும் கப்பலுக்கு நோயாளியைக் கொண்டுசெல்ல முடியாது. இத்தனை இழப்பும் ஒருசேர வரும். பாறையில் இறங்கும் வேலையும் அத்தகையதே: இறங்குபவனைவிட மேலே கயிறு பிடிப்பவர்களே அங்கு முக்கியம்.

இன்னொன்றும் இருந்தது. ஒருவன் ஊரை விட்டுப் போகும்போது, எஞ்சியவர்களின் சுமை ஏறுகிறது. அடுத்தவனும் போவதற்கான காரணம் வலுக்கிறது. போனவனைக் குறைசொல்ல முடியாது, இருப்பவனைப் பிடித்துவைக்கவும் முடியாது. பத்துப் பன்னிரண்டு ஆண்களைக் கொண்ட ஊரில் மூன்று பேர் மனத்தைத் திருப்பிவிட்டால் மீதிப் பேர் விரும்பினாலும் இருக்க முடியாது என்ற நிலை வந்துவிட்டது. 1920களின் இறுதியில் தீவில் பணியாற்றிய செவிலியரும் மதபோதகரும் இதைக் கண்ணெதிரே கண்டார்கள்.

## 1930 ஜனவரி: ஒரு பெண்ணின் மரணம்

அந்தக் குளிர்காலத்தில் கருவுற்றிருந்த ஓர் இளம் தாய் நோயுற்றார். செவிலியர் இருந்தும், தீவில் அறுவை மருத்துவத்துக்கு வழியில்லை. கப்பலுக்குச் செய்தி போய், அது வந்து, கடல் இறங்கவிடும் நாள் வரை காத்திருந்த பிறகே அவரைக் கிளாஸ்கோ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. படகில் அமர்ந்து கப்பலை நோக்கிச் சென்ற தாய், கரையில் நின்ற தன்னை நோக்கிச் சால்வையை அசைத்தது மட்டும் தனக்கு நினைவிருப்பதாக, அப்போது ஐந்து வயது நிறையாத அவருடைய மகன் முதுமையில் கூறியிருக்கிறார். அந்தத் தாய் திரும்பி வரவில்லை. குடல்வால் நோயால் இறந்ததாகவே ஊரில் நெடுங்காலம் நம்பப்பட்டது. மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தையைப் பெற்ற பின் இறந்தார் என்பதும், அந்தக் குழந்தையும் பிழைக்கவில்லை என்பதும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே குடும்பத்துக்குத் தெரியவந்தன.

இந்த மரணமே வெளியேற்றத்துக்குக் காரணம் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. நான் அப்படிக் கருதவில்லை. ஆட்குறைவு ஏற்கெனவே முடிவை நெருங்கவைத்திருந்தது. அந்த முடிவை வாய்விட்டுச் சொல்லும் துணிவை இந்தத் துக்கம் கொடுத்தது என்று சொல்வதே பொருத்தம்.

## 1930 மே 10: மனு

செவிலியரும் மதபோதகரும் மக்களோடு பேசிய பிறகு, ஸ்காட்லாந்துக்கான அமைச்சர் வில்லியம் ஆடம்சனுக்கு ஒரு மனு எழுதப்பட்டது. இருபது பேர் கையெழுத்திட்டார்கள். காலைக் கூட்டத்தில் இடமில்லாத பெண்களும் இதில் கையெழுத்திட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

மனுவின் வாதம் தெளிவானது. இந்த ஆண்டே நாங்கள் அனைவரும் தீவை விட்டு வெளியேறவும், நிலப்பகுதியில் வீடும் வேலையும் பெறவும் அரசு உதவ வேண்டும். சில ஆண்டுகளாக உழைக்கும் ஆட்கள் குறைந்து வருகிறார்கள், இப்போது மொத்தமே 36 பேர். இவர்களிலும் பல ஆண்கள் இந்த ஆண்டே வேலை தேடிப் போக முடிவுசெய்துவிட்டார்கள். இருக்கும் ஆட்களே அவசிய வேலைகளுக்குப் போதவில்லை என்பதால் இது பெரும் நெருக்கடியாகிவிடும் என்று அவர்கள் கூறினார்கள். பசி, புயல் என்று எழுதி இரக்கம் தேடாமல், ஆள்கணக்கையே அவர்கள் முன்வைத்தார்கள். தங்கள் நிலையை இவ்வளவு துல்லியமாக வேறு எவரும் அதுவரை எழுதியிருக்கவில்லை.

மனுவில் இன்னொரு வரியும் உண்டு: தனிச் சமூகமாகச் சேர்த்துக் குடியமர்த்தும்படி நாங்கள் கேட்கவில்லை என்பது அதன் பொருள். இதற்குப் பின்னால் திரும்பி வருவோம்.

## அரசின் முடிவும் அதன் காரணங்களும்

ஜூன் மாதம் துணை அமைச்சர் டாம் ஜான்ஸ்டன் நேரில் தீவுக்கு வந்து மக்களைச் சந்தித்தார். மனு உண்மையிலேயே மக்களுடையதுதானா என்று உறுதிசெய்ய அதுவே சரியான வழி. அரசுக்கு முன் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, தபால் கப்பல், தந்தி, செவிலியர் ஆகியவற்றை நிரந்தரமாக ஏற்படுத்தி ஊரைத் தாங்குவது; மற்றொன்று, கேட்டபடி வெளியேற்றுவது. 36 பேருக்காக ஆண்டுதோறும் அத்தகைய செலவைச் செய்ய அரசு ஆயத்தமாக இல்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சியின் முதல் ஆண்டு அது. அதைவிட முக்கியமாக, இளைஞர்கள் போய்விட்ட பிறகு எத்தனை கப்பல் விட்டாலும் படகு தள்ள ஆள் கிடைக்கப்போவதில்லை. அந்த நிலையில், அடுத்த குளிர்காலத்துக்கு முன் அனைவரையும் ஒன்றாக அழைத்துவருவது என்ற முடிவு சரியானதே. சிலரை மட்டும் கொண்டுவந்து சிலரை விட்டிருந்தால் அது பேராபத்தாக முடிந்திருக்கும்.

## ஆகஸ்ட் கடைசி வாரம்

கோடையில் ஆடுகளைத் திரட்டி விற்பனைக்காகக் கப்பலில் அனுப்பினார்கள். ஆகஸ்ட் 27 அன்று டுனாரா காசில் என்னும் கப்பல் வந்து வீட்டுச் சாமான்களை ஏற்றியது. மறுநாள் கடற்படைக் கப்பல் ஹேர்பெல் விரிகுடாவில் நின்றது. வேலை நாய்களைக் கொண்டுசெல்ல வழியில்லாததால், கழுத்தில் கல் கட்டி விரிகுடாவில் மூழ்கடித்தார்கள். வளர்த்தவர்களே செய்ய வேண்டிய வேலை அது.

29ஆம் தேதி காலை ஒவ்வொரு வீட்டிலும் விவிலியத்தைத் திறந்துவைத்து, அருகில் ஒரு பிடி ஓட்ஸ் தானியத்தைக் குவித்து, கதவைப் பூட்டிவிட்டு இறங்கினார்கள். கதவைப் பூட்டியது, ஒரு நாள் திரும்பி வரலாம் என்ற எண்ணத்தாலா, வீட்டுக்குச் செய்யும் மரியாதையாலா என்று கேட்கத் தோன்றுகிறது. உள்ளே தானியமும் வேதமும் வைத்துப் பூட்டுகிறவர்கள் அந்த வீட்டை வெறும் கல்லாக நினைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

## பின் நிகழ்ந்தவை

ஹேர்பெல் அவர்களை மேற்குக் கரையில் மோர்வெர்ன் பகுதியின் லோக்அலின் துறைக்குக் கொண்டுவந்தது. பலருக்கு அப்பகுதியில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஆண்களில் பலர் வனத்துறை ஆணையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மரமே இல்லாத ஊரில் பிறந்து பாறையேறப் பழகியவர்கள் மரம் நடும் கூலிகளானார்கள். கூலி நிச்சயமாக வந்தது, மருத்துவர் அருகில் இருந்தார், பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், கேட்டவை கிடைத்தன. ஆனால் ஒரே தெருவில் கதவுக்குக் கதவு வாழ்ந்த குடும்பங்கள் ஒன்றுக்கொன்று தொலைவான வீடுகளில் அமர்ந்தன. பங்கிட்டு உண்ட ஊர், வாடகையும் கூலியுமாக அவரவர் கணக்கில் பிரிந்தது. சில ஆண்டுகளிலேயே சில குடும்பங்கள் அந்த இடத்தையும் விட்டு வேறு ஊர்களுக்குப் போயின.

1931இல் தீவு விற்கப்பட்டது. வாங்கியவர் பறவை ஆர்வலரான டம்ஃப்ரீஸ் பிரபு. அவர் இடம் கொடுத்ததால், முன்னாள் குடிமக்கள் சிலர் கோடைதோறும் வந்து தங்கள் பழைய வீடுகளில் தங்கிப்போனார்கள். 1932இல் சோய் தீவிலிருந்து 107 ஆடுகள் ஹிர்ட்டாவில் விடப்பட்டன. அவற்றின் வழிவந்த காட்டு மந்தை இன்றும் அங்கே மேய்கிறது. மனிதர் வீடுகளை நம்பி வாழ்ந்த, அத்தீவுக்கே உரிய வீட்டெலி இனம், வெளியேற்றம் நடந்து ஓரிரு ஆண்டுகளில் அற்றுப்போயிற்று. 1957இல் தீவு ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்கு வந்தது. அதே ஆண்டு ஏவுகணைகளைக் கண்காணிக்கும் ராணுவ நிலையமும் அமைந்தது. 1986இல் இயற்கைச் சிறப்புக்காகவும் 2005இல் பண்பாட்டுச் சிறப்புக்காகவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றது. வெளியேறியபோது எட்டு வயதாயிருந்த ஒரு பெண்மணி, அத்தீவில் பிறந்தவர்களில் கடைசியாக, 2016இல் 93 வயதில் காலமானார்.

## எதை மாற்றியிருக்க வேண்டும்

1930இன் முடிவில் நான் பெரிய குறை காணவில்லை. குறை அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் இருக்கிறது. மக்கள்தொகை 73 ஆக இருந்தபோது ஊரில் இளைஞர்கள் இருந்தார்கள், படகு நகர்ந்தது. அப்போது குளிர்காலத்திலும் ஒழுங்காக வரும் ஒரு தபால் கப்பலும், இயங்கும் ஒரு தந்திக் கருவியும் இருந்திருந்தால் அவர்கள் தங்கியிருப்பார்களா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் போர்க்காலத்தில் அவை இரண்டும் அங்கே இருந்தன. கடற்படைக்குத் தேவைப்பட்டபோது கொடுக்க முடிந்தது, மக்களுக்குத் தேவைப்பட்டபோது முடியவில்லை. 1957இல் ராணுவம் வந்தபோது மின்சாரமும் தொடர்பும் ஆள் போக்குவரத்தும் மீண்டும் சாத்தியமாயின. செலவு செய்ய முடியாத இடம் என்ற வாதத்தை இது வலுவிழக்கச் செய்கிறது.

இரண்டாவதாக, கணக்கெடுக்கும் முறை. தலைகளை எண்ணினால் 1928இல் 37 பேர் வாழும் ஊர் இன்னும் ஊராகவே தெரியும். படகில் அமரக்கூடியவர்களை, கயிறு பிடிக்கக்கூடியவர்களை எண்ணியிருந்தால், முடிவு நெருங்குவது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். அந்த எண்ணைத் தீவின் ஒவ்வொரு ஆணும் தினமும் காலைக் கூட்டத்தில் மனத்தில் வைத்துத்தான் பேசினான். வெளியிலிருந்து வந்த எவரும் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

மூன்றாவது, மனுவின் அந்த ஒரு வரி. எங்களை ஒன்றாகக் குடியமர்த்தக் கேட்கவில்லை என்று அவர்கள் எழுதியதை, அரசு அவர்களின் விருப்பமாகவே எடுத்துக்கொண்டது. உதவி கேட்பவர்கள், உதவி மறுக்கப்பட்டுவிடக்கூடாதே என்ற அச்சத்தில் தங்களுக்கு மிகத் தேவையானதையே முதலில் விட்டுக்கொடுப்பது வழக்கம். இன்று இத்தகைய இடமாற்றத்தைத் திட்டமிடுபவராக நான் இருந்தால், அந்த வரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே போய், ஆண்களிடமும் பெண்களிடமும், யாருடைய வீட்டுக்குப் பக்கத்தில் உங்கள் வீடு இருக்க வேண்டும் என்று கேட்பேன். பிறகுதான் வீடுகளை ஒதுக்குவேன். மோர்வெர்னில் ஒரே தெருவில் பத்து வீடுகள் கட்டுவதற்கு ஆகும் செலவு, ஹிர்ட்டாவுக்கு ஆண்டுதோறும் கப்பல் விடும் செலவைவிடக் கட்டாயம் குறைவாகவே இருந்திருக்கும். கோடைதோறும் கடல் கடந்து பூட்டிய வீடுகளைத் திறக்கப் போனவர்களுக்கு, மற்ற மாதங்களிலும் பேச்சுத் துணைக்கு அண்டைவீட்டார் இருந்திருப்பார்கள்.